இணையத்துக்கும் அளவு உண்டு

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல் அளக்கும்போது மரக்கால் தலை தட்டினால் நம்மில் எவரும் வாளாவிருப்பதில்லை. உர மூட்டையில் எடை குறைந்தால் அன்றே தராசைத் தேடுகிறோம். ஆனால் மாதந்தோறும் ஊராட்சி நிதியிலிருந்தும் சொந்தப் பணத்திலிருந்தும் விலை கொடுத்து வாங்கும் ஒரு சரக்கை மட்டும் நாம் அளந்து பார்ப்பதில்லை. கம்பி வழியே வரும் பிராட்பேண்ட் இணைப்பைத்தான் கூறுகிறோம்.

சென்ற அறுவடைக் காலத்தில் நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் நேர்ந்ததைக் கேளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் விற்பதற்கு முன்பதிவு செய்ய விவசாயிகள் சிலர் மாலையில் ஊராட்சி அலுவலகத்தில் காத்திருந்தனர். சிட்டா, அடங்கல் நகல்கள் கணினியில் ஏறவில்லை. களத்தில் நெல் கிடக்க, வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் '100 மெகாபிட் வரை' என்னும் நிறுவனத்தின் விளம்பரத் தாள் பளிச்சென்று தொங்கிற்று. அளந்து பார்த்தோம், 1 கூட வரவில்லை.

முதலில் நிறுவனத்தின் மீதே சினந்தோம். பிறகு பார்த்தால், ரௌட்டர் பெட்டியை எழுத்தர் திருட்டுக்கு அஞ்சி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்! வைஃபை அலையை இரும்பு மறித்துவிடும். தடித்த சுவரும் அதை மெலியச் செய்யும். பெட்டியை வெளியே எடுத்து, மடிக்கணினியைக் கேபிளால் நேரே இணைத்து அளந்தோம். 31 வந்தது. இரவு ஏழு மணிக்கு அதுவும் 4 ஆகச் சுருங்கிற்று. குற்றத்தில் ஒரு பங்கு நம்முடையது என்பதை ஒப்புக்கொண்டோம். எஞ்சியது எங்கே போயிற்று?

வாய்க்கால் பாசனம் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்ணாடி இழைக் கம்பியில் பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில், ஓர் இழை வழியே நொடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட் வருகிறது. அதைப் பிரிப்பான் கொண்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகின்றனர். 64 வீட்டாரும் ஒரே நொடியில் மடை திறந்தால் வீட்டுக்கு 40-க்கும் குறைவாகவே கிட்டும். எல்லோரும் ஒருசேரத் திறப்பதில்லை ஆதலின் இந்த ஏற்பாட்டில் தவறில்லை. தலைமதகிலேயே குறைந்த நீரை வாங்கி, அளவுக்கு மீறிய ஆயக்கட்டுக்கு விற்பதுதான் தவறு. இரவில் ஊரார் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் அது வெளிப்பட்டுவிடும்.

ஒன்றை இடையே சொல்லிவிடுகிறோம். 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு இறங்கும்போது கணினி 12.5 மெகாபைட் என்று காட்டினால் அது மோசடியன்று. 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட்.

மோசம் செய்வது 'வரை' என்னும் சிறு சொல். பிரிட்டனில் முன்பு வாடிக்கையாளரில் பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் வேகத்தையே 'வரை' என்று விளம்பரம் செய்ய இடமிருந்தது. 2018 மே மாதம் முதல், இரவு 8 மணி முதல் 10 மணிக்குள் பாதிப் பேருக்கேனும் கிடைக்கும் வேகத்தையே கூறவேண்டும் என்று அங்கே விதி செய்தனர். நெரிசல் வேளையில் அளப்பதே நேர்மையான அளவு என்பது நம் கருத்தும்.

நம் நாட்டில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் இட்ட கட்டளைப்படி, எவ்வளவு டேட்டா வரை எந்த வேகம், அதன் பின் எந்த வேகம் என்பதை நிறுவனம் தெளிவாக அறிவிக்கவேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு, பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 மெகாபிட் என்று வரையறுத்தது. அது அப்பெயருக்குரிய கடைசி எல்லையே அன்றி, 100-க்குப் பணம் கட்டியவருக்கு ஈடாகாது.

ஆகவே அளவுங்கள். கேபிளால் இணைத்து, மற்ற கருவிகளை நிறுத்தி, காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை அளந்து, நாளும் மணியும் நோட்டில் எழுதுங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறை தீராவிடில் அந்த நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மேற்சொன்ன ஊராட்சியில் முதற் புகாருக்கு ஆளே வரவில்லை. 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது! எட்டு நாள் அளவைக் காட்டி மறுபடி புகார் செய்த பின்பே பணியாளர் வந்து, கம்பத்தில் அழுக்கேறியிருந்த இணைப்பைத் துடைத்தார். காலையில் 94 வந்தது. இரவிலோ இன்னும் 20-ஐத் தாண்டவில்லை. நோட்டின் நகலோடு மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம், பதிலை எதிர்நோக்குகிறோம். அதுவரை நெல் பதிவு காலை பத்து மணிக்குள் நடைபெறுகிறது. ரௌட்டர் இப்போது பீரோவின் மேலே இருக்கிறது.