பங்குக்கு வழக்காடினோம், வரவை மறந்தோம்

(கிளிநொச்சிக் கமக்காரர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நாம் சட்டம் படித்தவர், ஏர் பிடித்தவரல்லர். ஆகையால் நெற்செய்கை பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. ஒரு வழக்கைச் சொல்ல வந்திருக்கின்றோம். வழக்காளி இரணைமடுக் குளம்.

2010ஆம் ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் வந்தது. இரணைமடுவிலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டு செல்வதென்பது ஏற்பாடு. சிறுபோகத்துக்கே போதாத நீரை எப்படிக் கொடுப்பது என்று இங்குள்ள கமக்காரர் எழுந்தனர். குடிக்கும் தண்ணீருக்குமா கணக்கு என்று அங்குள்ளோர் கேட்டனர். ஒரே மொழி பேசும் இரு மாவட்டத்தார் ஆண்டுக்கணக்கில் முகங்கொடாது நின்றோம். ஈற்றில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. வழக்கு ஒருவாறு ஓய்ந்தது. ஆனால், பங்கு எத்தனை என்று வழக்காடிய நாம், வரவு எத்தனை என்று ஒருநாளேனும் கேட்டோமா?

வரவைத் தருவது கனகராயன் ஆறு. வவுனியா வடக்கிலே சேமமடுப் பக்கத்தில் தோன்றி, முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளத்தைக் கடந்து, இரணைமடுவை நிரப்பி, மிஞ்சியது சுண்டிக்குளம் கடனீரேரியிற் சேருகின்றது. குளத்தின் நீரேந்து பகுதி ஏறக்குறைய 227 சதுரமைல். மூன்று மாவட்டங்களுக்கும் கச்சேரிகள் மூன்று உண்டு. ஆற்றுக்குக் கச்சேரி எது?

1902இல் தொடங்கிய குளக்கட்டு வேலை இருபது ஆண்டளவு நடந்தது. அதன் பின்னர் நீர் போதாதென்ற போதெல்லாம் கட்டை உயர்த்தினோமேயன்றி, ஆற்றின் மேற்பக்கம் எவரும் போய்ப் பார்த்ததில்லை. கடைசியாக இரண்டடி உயர்த்தினர்; 106,500 ஏக்கர் அடியாயிருந்த கொள்ளளவு ஏறக்குறைய 120,000 ஆயிற்று. 2018 டிசெம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி வந்து விழா நடத்திக் கையளித்தார். இரண்டு கிழமை சென்றதும், 21ஆம் திகதி இரவு பிடித்த மழையில் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கினர். அதற்குச் சற்று முன்னர், 2016, 2017ஆம் ஆண்டுகளில், இதே மண் வரட்சியால் வெடித்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

வானம் மாறிவிட்டது. காற்று ஒரு பாகை செல்சியசு சூடேறினால் நூற்றுக்கு ஏழு பங்களவு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுவதும் அதனாலேயே. உலகைச் சூடேற்றிய புகையிலே வன்னிக் கமக்காரனின் பங்கு மிகச் சிறிது; தண்டனையில் மட்டும் குறைவில்லை.

நிலமும் மாறிவிட்டது. இதற்கு நாமும் பொறுப்பாளிகள். பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காட்டில் மழை முதலில் இலையில் விழும்; பின் சருகில் விழும்; வேர்வழி மண்ணுக்குள் இறங்கும். மழை விட்டபின்னும் ஆற்றில் நீர் கசிவது அப்படி இறங்கிய நீரே. கரையிலே மருதும் நாவலும் மண்ணைப் பிடித்து நிற்கும். மரம் போனால் அதே மழை ஓடையாய் ஓடி, மண்ணையும் வாரிவந்து குளத்தில் கொட்டும். நாம் மேலே இரண்டடி கட்ட, வண்டல் அடியிலிருந்து இடம் பிடிக்கும். 2018இன் மழை முழுவதையும் காடு குடித்திருக்கும் என்று நாம் வாதிடவில்லை, அது பொய்ச்சாட்சி. வெள்ளம் வரும் வேகத்தைக் காடு தணிக்கும் என்பதே நமது வாதம்.

ஆற்று மணலின் கதை இதனினும் கொடியது. மணல் வெறும் கட்டடப் பொருளன்று. நீரைத் தன்னுள் வைத்திருக்கும் களஞ்சியம். மணலை அள்ளினால் ஆற்றின் படுக்கை தாழும். அதனோடு கரையிலுள்ள கிணற்று நீரும் தாழும். இரவில் டிப்பர் ஓட்டுபவன் கொழும்பிலிருந்து வருபவன் மட்டுமல்லன். அவன் நமது மைத்துனனாகவும் இருக்கக்கூடும். மேடையில் இதைச் சொன்னால் வாக்குக் குறையும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். குறையட்டும்.

சட்டம் இல்லையா? உண்டு. 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆறுகளின் ஊற்றையும் போக்கையும் காக்க அரச நிலத்தை ஒதுக்கலாம். மணல் அள்ள 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் நடைமுறை என்ன? போரினால் இடம்பெயர்ந்து மீண்டவன் தன் பழைய வயலைத் துப்புரவாக்கப் போனால், அங்கே வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கின்றது. ஆற்றங்கரையிலோ கல்லையுங் காணோம், காவலனையுங் காணோம். காட்டைக் காப்பதை நாம் எதிர்க்கவில்லை. உழுத வயலைக் காடென்று எழுதி, ஆற்றோரக் காட்டை மணற்காரனுக்கு விடும் நீதியையே எதிர்க்கின்றோம்.

ஆகவே நாம் கேட்பது இது: சேமமடு தொடக்கம் சுண்டிக்குளம் வரை ஆற்றின் இருகரை ஒதுக்கத்தையும் கமக்காரர் அமைப்புகளை உடன்வைத்து அளந்து கல் நாட்டுக. மேற்பக்கத்துத் தூர்ந்த சிறுகுளங்களை முதலில் திருத்துக. இரணைமடுவுக்கு வரும் வண்டலை மறிப்பவை அவையே. மணல் அனுமதி கொடுக்குமுன் மூன்று மாவட்ட அதிபர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, கீழ்ப்பக்கத்துக் கமக்காரனைக் கேட்டு முடிவு செய்க.

விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கின்றோம். அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் அரசாங்க அதிபரிடம் அது கையளிக்கப்பட வேண்டும். அதற்குமுன் மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் போய் அவ்வூர்க் கமக்காரரின் கையெழுத்தையும் பெற வேண்டும். அவர்களை நாம் இதுவரை ஒரு கூட்டத்துக்கேனும் அழைத்ததில்லை. உழவு இயந்திரம் வைத்திருப்போர் இருவர் முன்வந்தால், வரும் ஞாயிறே புறப்படலாம்.