கமரா போடாத பிள்ளை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் பேச்சாளன் அல்ல. இங்கே இலண்டனில், வேலை முடிந்து வந்து, பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளுக்கு இன்ரநெட் மூலம் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லத்தான் வந்தேன்.

ஜீசீஎஸ்ஈ எடுக்க இருந்த ஒரு பிள்ளை மாதக் கடைசியில் வகுப்புக்கு வராது. வந்தாலும் கமரா போடாது. "படிக்க விருப்பமில்லாட்டிச் சொல்லு பிள்ளை, என்ரை நேரத்தை வீணாக்காதை" எண்டு ஒருநாள் பேசிப்போட்டன். மறுநாள் தாய் ரெலிபோன் எடுத்தா. "அண்ணை, அவள் என்ரை போனிலைதான் படிக்கிறவள். மாசக் கடைசியிலை டேற்றா முடிஞ்சிடும். உங்களிட்டைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது" எண்டா. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்குப் படிப்பிக்கிற நான் பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். இரண்டு பேர் முகம் பார்த்துப் படிக்க மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி போகும். குரல் மட்டும் என்றால் 100 எம்பிக்குள் முடியும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் படித்தால், மாதத்துக்கு 4 ஜிபிக்கு மேல் போகிற இடத்தில் 1 ஜிபி காணும். பயிற்சித் தாளை முதலே படமாக அனுப்பிவிட்டால் குரலிலேயே விளக்கலாம். இலவச சூம் ஒரு தடவைக்கு 40 நிமிடம் விடும். ஒரு பாடத்துக்கு அது போதும்.

வீட்டு இணைப்பு எடுப்பவர்களுக்கு ஒரு சொல். யூனிவேர்சல் கிரெடிட், பென்சன் கிரெடிட் போன்ற உதவிகள் பெறுவோருக்குப் பல கொம்பனிகள் 'சோஷல் ராரிஃப்' என்ற குறைந்த கட்டண இணைப்பைக் கொடுக்கின்றன. மாதம் 20 பவுண் அளவிலும் அதற்குக் கீழும் உண்டு. ஒஃப்கொம் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறது. நாங்களாகக் கேட்கவேணும். படிப்புக்கு அந்த வேகம் தாராளம். ரவுட்டரை மட்டும் அலுமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள்!

ஆனால் அந்தத் தாய் அகதி விண்ணப்ப முடிவுக்குக் காத்திருப்பவர். அந்த நிலையில் உள்ளவர்களுக்கு யூனிவேர்சல் கிரெடிட் இல்லை. ஆகவே அதன் பேரில் வரும் சலுகையும் இல்லை. குட் திங்ஸ் பவுண்டேஷன் 2021 இல் தொடங்கிய 'நஷனல் டேற்றாபாங்க்', வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு இலவச டேற்றா சிம் வழங்குகிறது. உள்ளூர்ச் சமூக நிலையங்கள், நூலகங்கள் ஊடாக அது சனத்திடம் போகிறது. எங்கள் சங்கமும் அதில் பதிந்து, எங்கடை சனத்துக்குக் கொடுக்கவேணும். நிர்வாகத்தாரிடம் நான் கேட்பது இதுதான்.

அந்தப் பிள்ளை திரும்பவும் வருகிறாள். இப்பவும் கமரா இல்லை. "சேர், விளங்கிட்டுது" என்ற குரல் கேட்கிறது. எனக்கு அது காணும்.

வகுப்புக்கு வராத பிள்ளையை ஏசுவதற்கு முன், ஏன் வரவில்லை என்று வீட்டாரிடம் ஒருக்கால் விசாரியுங்கள்.