வட்டல் பறந்த வீடு

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

"தத்துவம் ஏட்டுக்குத்தான், வீட்டுக்கு உதவாது" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். ஐயா, எனக்கு ஊர் கிணத்துக்கடவு. தக்காளிச் சந்தைக்குப் பேர் போன ஊர். பொன்மலை வேலாயுதசாமி மேலே இருக்கார். தக்காளி விலைதான் அடிக்கடி கீழே இருக்கும்! (சிரிப்பு)

ஒரு வருசம் எங்க தோட்டத்துல நல்ல காய்ப்பு. சந்தைக்குப் போனா, பறிகூலிக்கே கட்டலை. ஏலக்காரர்கிட்ட வாயைத் திறந்தேனா? "சரிங்க, வர்றனுங்க"ன்னு கும்பிட்டுட்டு வந்தேன். வீட்டுல ரசத்துக்கு உப்பு கொஞ்சம் கம்மி. வட்டல் பறந்துச்சு! (சிரிப்பு)

சிரிக்காதீங்க. சிந்தின சோத்தை அள்ளிக்கிட்டே என் சம்சாரம் கேட்டா: "ஏனுங்க, விலையைக் குறைச்சது நானுங்களா?"

அப்ப நான் ஆழியாறு அறிவுத்திருக்கோயிலுக்கு ஆறு மாசமா போய்க்கிட்டிருந்தவன்! அதை அமைத்த வேதாத்திரி மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2006-ல் மறைந்தார். தியானத்தோடு நிறுத்தாமல், 'சினம் தவிர்த்தல்' என்று தனிப்பாடமே வைத்தார். நமக்குக் கோபம் அதிகம் வருவது நெருங்கினவங்க மேலதான். யார்மேல வருதோ அவங்களை நினைத்து, முன்கூட்டியே தீர்மானம் பண்ணிப் பழகுங்கள் என்றார். தன் மனைவியின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30-ஐ 'மனைவி நல வேட்பு நாள்' ஆக்கினார். (கைதட்டல்)

"பார்த்தீங்களா, தத்துவம் தோத்துப்போச்சு" என்பார் எதிரணித் தலைவர். இல்லீங்க. கண்ணை மூடும்போது மட்டும் வச்சிருந்த நான்தான் தோத்தேன்.

அன்னிக்கு அவ கையிலிருந்த துணியை வாங்கி நானே தரையைத் துடைச்சேன். இப்பவும் சந்தையிலிருந்து வந்தா, வாசல் தொட்டியில கால் கழுவுறப்போ கேட்டுக்குவேன்: "இந்தக் கோபம் யாருக்குச் சேர வேண்டியது?" பதில் கிடைச்ச பிறகுதான் உள்ளே போவேன். சில நாள் ரொம்ப நேரம் கழுவ வேண்டியிருக்கும்! (சிரிப்பு)

தத்துவம் தக்காளி விலையை ஏத்தாதுங்க. அதுக்குச் சந்தையில நியாயம் கேக்கத்தான் வேணும். ஆனா, சந்தையில வந்த நஷ்டம் அடுப்படிக்குள்ளே வராமத் தடுக்கும்.

ஆகவே தத்துவம் வீட்டுக்குத்தான் முதலில் உதவும் என்று தீர்ப்பு வழங்குங்கள். மாத்திச் சொன்னாலும், நான் கோவிச்சுக்க மாட்டேனுங்க! (பலத்த கைதட்டல்)