யன்னலும் வெப்பமும்

கீரிமலையில் கடலருகே நன்னீர்க் கேணி குளிர்ந்து கிடக்க, அயலிலுள்ள வீடுகளோ வெயிலிற் காய்கின்றன. 1990 இல் இடம்பெயர்ந்த மக்கள், 2009 இல் போர் முடிந்த பின்னர் கட்டங் கட்டமாகத் திரும்பி இல்லங்களை மீள எழுப்பலாயினர். அத்தகையோருக்கு, சிறு சேமிப்பை எவ்வகை யன்னலிற் செலவிடுவது என்பது எளிய வினாவன்று.

கணக்கு மட்டும் எளிதே. உள்ளும் புறமும் ஒரு பாகை செல்சியசு வேறுபடின், ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீற்றர் வழியே ஏறத்தாழ 6 உவாற்று வெப்பம் கடக்கும். அசையாக் காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவதால், நடுவே காற்றை அடக்கிய இரட்டைக் கண்ணாடியில் அது 3 உவாற்று அளவே. கண்ணாடி எவ்வகையதென அறிய, இரவில் அதனருகே மெழுகுதிரியைப் பிடித்தாற் போதும்: ஒற்றையாயின் இரண்டு சுடர்கள் தெரியும், இரட்டையாயின் நான்கு.

வேறுபாடு 5 பாகை எனக் கொண்டால், இரட்டைக் கண்ணாடியால் தடைபடுவது சதுர மீற்றருக்கு 15 உவாற்றே. மாலை வெயில் நேரே படும் மேற்கு யன்னலிலோ பல நூறு உவாற்று நுழைகின்றது. அதனை இரட்டைக் கண்ணாடியும் பெரிதும் மறிப்பதில்லை. உள்ளே திரையிடினும், வெப்பம் அதற்கு முன்னரே வீட்டினுள் புகுந்துவிடும்.

ஆதலின் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துதல் வேண்டும். அகன்ற தாழ்வாரம், விறாந்தை, ஓலைத்தட்டி, மரக்கதவு ஆகியனவே செலவு குறைந்த காப்பு. குளிரூட்டி பொருத்திய அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஓரளவு பயன்படும். ஏனைய அறைகளுக்கு முதலில் நிழல். பணம் மிஞ்சினாற் பின்னரே கண்ணாடி.