அயலூரில் ஓர் ஆசிரியன்

(கழகத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில், சாரத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயன் எனும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசியோர் அதனை நிறைவாகவே சொல்லிவிட்டனர். ஆகவே தலைப்பைச் சற்றே மாற்றிக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகின்றேன்.

சென்ற மாதம் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லம் வந்தார். நம் பிள்ளை; கணிதத்தில் முதுகலை, அதன்மேல் பி.எட். சீன நாட்டில் பன்னாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் பணி கிடைத்திருப்பதாகச் சொன்னார். என் மனைவி உடனே சர்க்கரை கொண்டுவந்து அவர் வாயில் இட்டார். ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. "வகுப்பறையைப்பற்றி எனக்கு அச்சமில்லை ஐயா. வகுப்பறைக்கு வெளியே உள்ள வேலைகளை நினைத்தால்தான் உறக்கம் வரவில்லை" என்றார்.

அவ்வேலைகள் சிறியனவல்ல. விடுதியில் தங்காத அயல்நாட்டார், தாம் தங்கும் இடத்தை 24 மணி நேரத்திற்குள் அப்பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்தல் வேண்டும். அதற்கு வீட்டு வாடகை ஒப்பந்தம் வேண்டும். நாட்டிற்குள் நுழைந்த 30 நாளுக்குள் தங்குரிமைச் சீட்டிற்கு விண்ணப்பித்தல் வேண்டும். இடையில் மருத்துவச் சோதனை, கைபேசி எண், வங்கிக் கணக்கு. அங்கே காய்கறிக்காரர் முதற்கொண்டு கைபேசி வழியாகவே பணம் பெறுகின்றனராதலால் கைபேசியும் வங்கியும் இணையாவிடில் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்குவதும் அரிதாகிவிடும். இவை அனைத்திலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே, ஓர் எழுத்தும் பிசகாது இருத்தல் வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்கின்றோம். ஓர் ஏட்டில் முதலெழுத்தாகவும் மற்றோர் ஏட்டில் முழுப்பெயராகவும் இருந்தால் அங்கே யாருக்கு விளக்குவது? புறப்படும் முன்னரே எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரை ஒன்றுபடுத்திக்கொள்ளுமாறு சொன்னேன். இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்க.

பெயர்த் தொல்லை புதுவைக்குப் புதிதன்று. 1881 ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் ஆணைப்படி, தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டனர். அவர்களுள் நம்மவரும் உண்டு. அப்பெயரோடு கப்பலேறிச் சைகோனில் எழுத்தராகவும் படைவீரராகவும் பணிபுரிந்தோர் உண்டு. கடல் கடந்தால் சாதி கழிந்துவிடும் என்ற நம்பிக்கை அவர்கள் பெட்டியில் இருந்திருக்க வேண்டும்.

தம்பி எழுந்து விடைபெறும்போதுதான் மெய்யான வினாவைக் கேட்டார். அப்பள்ளியில் முன்னரே பணிபுரியும் நம் நாட்டவர் ஒருவர், தாம் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை தருவதாகத் தொலைபேசியில் சொன்னாராம். ஊர் எது என்றாராம். தந்தை என்ன தொழில் என்றாராம். பின்னர், "நீங்கள் எந்த ஆட்கள்?" என்றாராம். "சீனர் கேட்கமாட்டார்கள் ஐயா, இவர் கேட்கின்றார். சொல்வதா, வேண்டாவா?" என்றார் தம்பி. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு அக்கணம் விடை வரவில்லை. அவரிடம் சொல்லாததை இன்று உங்கள் முன் சொல்கின்றேன்.

நம் கழகம் தோன்றிய இரண்டாம் ஆண்டில் என்னை மாகேக்கு மாற்றினார்கள். புதுவை அரசில் பணியேற்றோர் காரைக்காலுக்கும் மாகேக்கும் ஏனாமுக்கும் போகக் கடமைப்பட்டவர்கள். மாகே நம் ஆட்சிப் பகுதிதான். ஆனால் மலையாள நாட்டில், தலைச்சேரிக்குப் பக்கத்தில், 9 சதுர கிலோமீட்டர் அளவே கொண்ட துண்டு நிலம். விழுப்புரம் சென்று, சேலம் சென்று, அங்கிருந்து மங்களூர் இரயிலேறி இறங்கியபோது எனக்கு அது அயல்நாடாகவே தோன்றிற்று.

மொழி பாதி புரியும். அந்தப் பாதிதான் இடர். அங்கே 'சம்சாரம்' என்றால் பேச்சு. அலுவலக எழுத்தர் ஒருவர் என்னோடு 'சம்சாரிக்க' வேண்டும் என்றபோது, என் சம்சாரம் ஊரில் இருக்கின்றாள் என்று விடையிறுத்தேன். அவ்வலுவலகம் முழுவதும் ஒரு கிழமை சிரித்தது. சிவந்த குத்தரிசிச் சோறு தொண்டையில் இறங்க ஒரு மாதமாயிற்று.

வங்கியில் கணக்குத் தொடங்க, அங்கு முன்னரே கணக்குடைய ஒருவர் அறிமுகக் கையொப்பம் இடவேண்டும் என்பது அக்கால விதி. வந்து நான்கு நாளான ஒருவனுக்கு யார் கையொப்பம் இடுவார்? பள்ளியின் கடைநிலை ஊழியர், நான் கேட்காமலே, தம் மதிய உணவை விட்டுவிட்டு வந்து கையொப்பமிட்டார். எரிவாயு இணைப்பை மாற்ற ஒரு சீட்டு. குடும்ப அட்டையில் பெயர் நீக்கியமைக்கு ஒரு சான்று. இவற்றிற்காக ஊருக்குப் பேசப் பொதுத் தொலைபேசிக் கடையில் மீட்டர் எண் ஓடுவதைப் பார்த்தவாறே பேசிய பேச்சு. முடிதிருத்தும் கடைக்குச் சென்றேன். என் தந்தையார் தம் ஊரில் இறுதிவரை கடை நாற்காலியில் அமர்ந்தவர் அல்லர். புளியமரத்தடியில் நம்மவரே நம்மவர்க்கு மழித்துக்கொண்டனர். மாகேயில் அந்த நாற்காலியில் அமர்ந்து, முன்னும் பின்னும் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இன்னான் என்று அறியாத ஊரில் கிடைக்கும் மதிப்பு நம் உடைமையா, இரவலா என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

வீடு கிடைக்கவில்லை. முதலில் பார்த்த வீட்டின் உரிமையாளர் நயமாகவே விசாரித்தார். உள்ளதைச் சொன்னேன். மறுநாள், உடன்பிறந்தாள் மகன் வருகின்றான், வீடு அவனுக்கு என்றார். தடித்த சொல் ஒன்றும் இல்லை. இரண்டாம் வீட்டிற்கு அழைத்துச் சென்ற தரகர் வழியிலேயே எனக்குப் பாடம் சொன்னார். அவ்வீட்டு அம்மையார் கேட்டபோது, நம் பக்கத்தில் உயர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சாதியின் பெயரைத் தரகரே சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

அவ்விரவு அண்ணல் அம்பேத்கரை நினைத்தேன். அமெரிக்காவிலும் இலண்டனிலும் கற்றுத் திரும்பி, 1917 ஆம் ஆண்டு பரோடா அரசில் பணியேற்கச் சென்றவருக்கு அந்நகரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றின் ஏட்டில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். பதினொன்றாம் நாள் கழிகளோடு வந்தோர் அவரை வெளியேற்றினர். நண்பர் இருவரும் கைவிட, பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்து இரவு இரயிலுக்குப் பம்பாய் திரும்பியதை அவரே எழுதியுள்ளார். மறுஆண்டே பம்பாய் சைடனாம் கல்லூரியில் அவர் பேராசிரியர். அவரே வேறு பெயர் எழுதினாரே என்று அவ்விரவு என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் அதை உலகறிய எழுதினார், நான் மறைத்தேன். அந்த வேறுபாடு எனக்குத் தெரிந்தே இருந்தது.

இனி நான் சொல்வது பழைய செயலாளர் ஐயாவுக்குத் தெரியும். முன் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். கழகத்தின் சுற்றறிக்கைகளை எனக்கு அனுப்பவேண்டா என்று அவர்க்கு எழுதினேன். உறையின்மேல் உள்ள முத்திரையில் முதற்சொல்லே நம்மை இன்னார் என்று அறிவித்துவிடுமே, அதற்காக. காரணத்தை எழுதவில்லை. அவர் உணர்ந்துகொண்டார். அதன்பின் எட்டு மாதம், முத்திரையில்லாத வெற்றுறையில், தம் கையால் முகவரி எழுதி அனுப்பினார். அக்கையெழுத்தைக் காணும்போதெல்லாம் பகலில் வகுப்பில் நான் கற்பித்த பாடம் என் காதில் ஒலிக்கும்.

ஒன்பதாம் மாதம் ஐயாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன்: ஆண்டு விழா அழைப்பை முத்திரையிட்ட உறையிலேயே அனுப்புக.

அது ஒரு சனிக்கிழமை வந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட முத்திரை. அம்மையார் திண்ணையில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை அணிந்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான் படியேறினேன். "மாஷே, நாட்டில்நின்று கடிதம்" என்று நீட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. வாங்கி நின்றேன். முத்திரையில் இருப்பதே என் சாதி என்றும், தரகர் சொன்னது பொய் என்றும் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அடுத்த மாதம் கூரை ஓடு மாற்ற ஆள் வருவார்கள், அறையை ஒழித்துத் தரவேண்டும் என்றார். வெளியேறச் சொல்லும் வழியோ என்று ஒரு மாதம் அஞ்சினேன். ஓடு மாற்றினார்கள். அதே அறைக்குத் திரும்பி, மேலும் இரண்டாண்டு அவ்வீட்டில் இருந்தேன். அதைப்பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

சீனம் செல்லும் தம்பி இன்று அவையில் இருக்கின்றார். அவருக்கு அடுத்த மாதம் பயணம். அவரது முகவரியைச் செயலாளரிடம் கொடுத்துள்ளேன். மலர் அச்சாகி வந்ததும் முதற்படி அவருக்குத்தான் அஞ்சலில் போகும். எந்த உறையில் அனுப்புவது என்பதை அவரே சொல்லட்டும்.