மூடுவிழா இல்லாத ஊர்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணாரு. சாப்பிட்டியா, மழை இருக்கா எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, "ஏஞ்சாமி, தறியை எடைக்குப் போட்டுரலாமா?"ன்னாரு. எங்க வீட்டுல எட்டு விசைத்தறி. என்னைப் படிக்க வெச்சது அந்த எட்டும்தான். எனக்கு உடனே பதில் வரலை. "யோசிச்சுச் சொல்றேனுங்கப்பா"ன்னு வெச்சுட்டேன். அந்த யோசனைதான் இந்த எபிசோட்.

எங்க ஊர் பல்லடம். கோயம்புத்தூர்ல இருந்து திருச்சி ரோட்டுல சுமார் 35 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்துல பல்லடம் பெரிய தாலுகா, திருப்பூர் அதுக்குள்ள இருந்த ஒரு ஊரு. 2009-ல திருப்பூர் தனி மாவட்டம் ஆச்சு. இப்போ பல்லடம் அந்த மாவட்டத்துல ஒரு தாலுகா. பையன் பேருல வீடு மாறின மாதிரி.

பல்லடத்துல சொல்லிக்கிற மாதிரி ஆறு கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே நிறுத்திக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியா எங்களுக்கு வர்றது பெரும்பாலும் காத்துதான். கேத்தனூர்ப் பக்கம் அத்தனை காத்தாலை நிக்கறதுக்கு அதுதான் காரணம். பிஏபி வாய்க்கால்னு எங்க ஊர்ல சொல்ற பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணியும் நாலு மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சுத்தான் விடுவாங்க. அதனால எங்க தாத்தா காலத்து ஆளுங்க கிணறு வெட்டுனாங்க, பருத்தி போட்டாங்க. 1932-ல பைக்காரா நீர்மின் நிலையம் வந்துச்சு. கோவையைச் சுத்தி மில்லு பெருகுச்சு. மில்லு நூலைத் துணியாக்க, அடுத்தடுத்த தலைமுறையில தோட்டத்துச் சாளையெல்லாம் தறிக்குடோன் ஆச்சு. இன்னிக்குக் கோவை, திருப்பூர் ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து சுமார் 2.5 லட்சம் விசைத்தறின்னு கணக்கு சொல்றாங்க.

இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, விஷயமே அதுலதான் இருக்கு. பாவு, ஊடை நூல் ரெண்டும் ஜவுளி உற்பத்தியாளர் குடுப்பாரு. நெசவு பண்ணின காடா துணி அவருக்கே போயிரும். எங்களுக்கு மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. ஆனா குடோன் எங்களுது. தறி எங்களுது, தறி வாங்கின கடனும் எங்களுது. கரண்ட் பில், ஆள் சம்பளம், தேஞ்சுபோன உதிரி பாகம், எல்லாம் எங்க கணக்கு. அப்போ எங்கப்பா முதலாளியா, தொழிலாளியா? பேங்க்ல கேட்டா தொழில்முனைவோர். கூலி உயர்வு கேட்டு மறியல்ல உக்காந்தா தொழிலாளி.

பல்லடத்தோட இன்னொரு தொழில் கறிக்கோழி. பண்ணைக் கொள்முதல் விலையைத் தினமும் அறிவிக்கிற பிசிசி, அதாவது பிராய்லர் கோழி ஒருங்கிணைப்புக் குழு, இருக்கறது பல்லடத்துல. அங்கயும் ஓட்டத்தைப் பாருங்க. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. ஷெட்டு, தண்ணி, கரண்ட், ராத்திரி முழிப்பு விவசாயியோடது. வளந்த கோழிக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக்கூலி. நூலுக்குப் பதில் குஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரே அடுத்தவங்க சரக்கை நம்ம கூரைக்குக் கீழ வெச்சு வேலை பாக்கற ஊரு.

கூலிக்காக நடந்த போராட்டமும் இருக்கு. 2021 நவம்பர்ல பேச்சுவார்த்தை நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் உள்ளிட்ட மத்த ரகங்களுக்கு 20 சதவீதம்னு கூலி உயர்வு முடிவாச்சு. அது கைக்கு வரலைன்னு 2022 ஜனவரியில தறியை நிறுத்துனாங்க. மறுபடி 2025 மார்ச்ல நிறுத்துனாங்க, ஒரு மாசம் ஓடலை. சோமனூர் ரகத்துக்கு 15, மத்ததுக்கு 10 சதவீதம்னு முடிஞ்சுது. அரசு ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் 2023-ல 1000 யூனிட் ஆச்சு. எங்க வீட்டுக்கு அது நிஜமாவே உதவி. ஆனா கூலி உயர்வு பேப்பர்ல வந்த அளவுக்கு வீட்டுக்கு வரலைன்னா இலவச யூனிட் எத்தனை நாள் தாங்கும்? இன்னொரு பக்கம் நாடா இல்லாத தறி, ஏர்ஜெட் தறின்னு புதுசு வருது. எங்க தறி ஒரு நாள் முழுக்க நெய்யறதை அது சில மணி நேரத்துல முடிச்சுரும். அதை வாங்கற பணம் எட்டுத் தறிக்காரன்கிட்ட இல்லை.

இப்போ கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாம். கோலார் தங்கவயல். வட ஆற்காட்டுப் பக்கம் இருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையா பூமிக்குள்ள இறங்குன ஊரு. 2001 பிப்ரவரி 28 அன்னிக்குச் சுரங்கத்தை மூடினாங்க. இன்னிக்கு அந்த வீட்டுப் பிள்ளைங்க வேலைக்கு விடியக்காலை ரயில் ஏறி பெங்களூரு போறாங்க. இங்கிலாந்துல டர்ஹாம்னு ஒரு கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி. ஊருக்கு ஊர் நிலக்கரிச் சுரங்கம். 1984-85-ல சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் பண்ணியும் தோத்தாங்க. அந்த நிலக்கரி வயல்ல கடைசிச் சுரங்கம் 1993 டிசம்பர்ல மூடுச்சு. ஆனா இன்னிக்கும் வருஷா வருஷம் ஜூலை மாசம் அவங்க தங்கள் ஊர்ச் சுரங்கத்தோட பதாகையைத் தூக்கிட்டு, பேண்டு வாசிச்சு, டர்ஹாம் வீதியில ஊர்வலம் போறாங்க.

அந்த ஊர்களோட கஷ்டத்தைக் குறைச்சுச் சொல்லலைங்க. ஆனா அவங்களுக்கு ஒரு தேதி இருக்கு. மூடினது யாருன்னு தெரியும். இழப்பீடு கேக்க ஒரு வாசல் இருந்துச்சு, கோர்ட்டுக்குப் போக எதிராளின்னு ஒருத்தர் இருந்தாரு. பல்லடத்துல யாரு எதை மூடினாங்க? எங்க தெருவுல பத்து வருஷத்துல நாலு குடோன் நின்னுருச்சு. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டு முடிவு. "அவங்க பையன் ஐடில இருக்கான், இனி எதுக்குத் தறி"ன்னு பேசிக்குவாங்க. பழைய இரும்புக்காரர் வண்டி வரும், தறியைக் கழட்டிக் கிலோக் கணக்குல எடுத்துட்டுப் போவாரு. பேப்பர்ல செய்தி வராது. வேலை போனவங்க கணக்குலயும் அப்பா வர மாட்டாரு, ஏன்னா அவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தலையே! அவர் தறியில ஓட்டுன ரெண்டு பேரும் வர மாட்டாங்க. ஒருத்தர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவாரு, இன்னொருத்தர் ஒடிசாவுக்குத் திரும்பிருவாரு.

இதைக் கேக்கற உங்கள்ல பாதிப் பேர் இப்படி ஒரு வீட்டுல இருந்துதான் வந்திருப்பீங்க. சிவகாசியா இருக்கலாம், குமாரபாளையமா இருக்கலாம். நாம மேல வந்ததை வெற்றின்னு சொல்றோம், சரிதான். ஆனா அந்த வெற்றிக்குள்ள ஒரு தொழில் சத்தமில்லாம முடியுது. அதை எங்கயாவது ஒரு தேதி போட்டு எழுதி வைக்கணும்னு எனக்குத் தோணுது.

அதனால அப்பாவுக்கு ரெண்டு பதில் சொன்னேன். ஒண்ணு, நாலு தறியைக் குடுத்துரலாம், கடன் அடையும். மீதி நாலு, அவர் கையால ஓட்டற வரைக்கும் ஓடட்டும். ரெண்டாவது, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன். எந்த வருஷம் வாங்குனது, அப்போ மீட்டருக்கு என்ன கூலி, இப்போ என்ன கூலி, யார் யார் ஓட்டுனாங்க.

"அதை எழுதி என்ன சாமி பண்றது?"ன்னாரு.

"நீங்க எழுதுங்கப்பா"ன்னேன்.

நேத்து வாட்ஸ்அப்ல முதல் பக்கம் போட்டோ வந்துச்சு. கூலிக் கணக்குக்கு மேல, பிள்ளையார் சுழிக்குக் கீழ, தலைப்பு மாதிரி ஒரு வரி எழுதியிருந்தாரு: "எங்கள் தறி, எட்டு."

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். வரட்டுங்களா?