வாக்குப் பெட்டியும் கணினிச் சங்கிலியும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடதாசிச் சீட்டின் காலம் முடிந்தது, இனிக் கைத்தொலைபேசியிலேயே வாக்களிக்கலாம், புளொக்செயின் என்னும் புதுமுறை கள்ள வாக்கை அடியோடு ஒழித்துவிடும் என்றொரு பேச்சு இன்று எங்கும் எழுந்துள்ளது. கடல் கடந்து வாழும் எம் பிள்ளைகளுக்கும் இதனால் வழி பிறக்கும் என்று கேட்கும்போது எமக்கும் ஆசை எழாமலில்லை. 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிலும் வாக்களிக்க விரும்பியோர் விமானமேறி வரவேண்டியே இருந்தது. ஆகவே இதனைத் தட்டிக்கழிக்க நாம் இங்கு கூடவில்லை, ஆராயவே கூடியிருக்கிறோம்.

புளொக்செயின் என்பது யாது? சத்தோசி நக்கமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பிட்கொயின் நாணயத்துக்கென எழுந்த கணக்கேடு அது. ஒவ்வொரு கட்டுப் பதிவும் தனக்கு முந்திய கட்டின் இலக்க முத்திரையைத் தாங்கி நிற்கும். ஏட்டின் பிரதி பலரிடம் இருக்கும். இடையில் ஒரு வரியைத் திருத்தினால் பின்வரும் முத்திரைகள் யாவும் பிழைத்துவிடும். எம் காணி உறுதியை எண்ணிப் பாருங்கள். மூலம் உடையவரிடம், ஒரு பிரதி நொத்தாரிசிடம், மற்றொன்று காணிப் பதிவகத்தில். ஒன்றைச் சுரண்டித் திருத்தினால் மற்றவை காட்டிக்கொடுக்கும்.

ஆனால் கள்ள உறுதிகள் நம் நாட்டில் இல்லையா? அவையும் முறைப்படி பதியப்பட்டே இருக்கின்றன! மூன்று பிரதிகளும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கும். கையொப்பமிட்ட கைதான் வேறு. எழுதியதை ஏடு காக்கும். எழுதும்போதே புகுந்த பொய்யையும் அது அதே விசுவாசத்தோடு காக்கும். வாக்காளனின் விரலுக்கும் அந்தச் சங்கிலிக்கும் இடையே ஒரு கைத்தொலைபேசியும் ஒரு செயலியும் நிற்கின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலம் 2018 நவம்பரில் வோட்ஸ் என்னும் செயலிவழி வெளிநாட்டிலிருந்த 144 பேரை வாக்களிக்கச் செய்தது. 2020 பெப்ரவரியில் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள் அதனை ஆராய்ந்து, வாக்கை மாற்றவும் தடுக்கவும் வெளிப்படுத்தவும் இடமுண்டு என்றனர். அந்நிறுவனம் மறுத்தது. ஆயினும் மாநிலம் அடுத்துவந்த ஆரம்பத் தேர்தலுக்கு அதனைக் கைவிட்டது.

மொஸ்கோவின் கதை இன்னும் கசப்பானது. 2019 நகரசபைத் தேர்தலுக்கு முன் பியெரிக் கோட்ரி என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், அங்கு அமைத்த மறைகுறிப் பூட்டைச் சாதாரணக் கணினியிலேயே ஏறத்தாழ 20 நிமிடத்தில் திறக்கலாம் எனக் காட்டினார். பூட்டு பெரிதாக்கப்பட்டது. 2021 நாடாளுமன்றத் தேர்தலிலோ, கடதாசி வாக்கில் முன்னின்ற எதிரணி வேட்பாளர் சிலர், மணிக்கணக்கில் தாமதித்து வந்த மின்வாக்குகளால் பின்தள்ளப்பட்டனர். முறையை நடத்தியது நகர நிருவாகமே. ஏட்டின் பிரதிகள் எத்தனை இருந்தென்ன, அத்தனையும் ஒருவர் பெட்டகத்தில் இருந்தால்?

இன்னுமொன்று. என் வாக்கு எங்கே பதிந்ததென நான் பார்க்கலாம் என்பது பெருமையாகப் பேசப்படுகிறது. நான் பார்க்கக்கூடியதை எனக்குக் கடன் தந்தவரும் பக்கத்தில் நின்று பார்க்கலாமே! வாக்குச் சாவடியின் மறைப்பு ஏழையின் கவசம். வீட்டுத் திண்ணையில் அது கிடையாது. எஸ்தோனியா 2005 முதல் இணையவழி வாக்கை நடத்துகிறது. அங்கே இவ்வச்சத்தை உணர்ந்தே, மீண்டும் வாக்களித்து முந்தியதை மாற்ற இடம் வைத்தனர்.

ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில், 2005 தேர்தலில் பாவித்த வாக்கு இயந்திரங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்த்தது. தனி நிபுணத்துவம் இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கிய படிகளைச் சரிபார்க்க இயலவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். எமது வாக்கெண்ணும் நிலையத்தில் கட்சி முகவராக அமரும் கமக்காரர் எந்தப் பட்டமும் பெறாமலே அதைச் செய்கிறார். பெட்டி வெறுமையா என்று பார்க்கிறார், முத்திரையைப் பார்க்கிறார், சீட்டைக் கண்ணால் காண்கிறார். மறைகுறியைச் சோதிக்க அவர் யாரை நம்புவது? சபையிலுள்ள பொறியியலாளர்களையே கேட்கிறோம்: உங்களில் எத்தனை பேரால் இயலும்?

பிள்ளைகளுக்கு வாக்களிக்க வழி வேண்டும் என்றே கேட்போம். பிரான்சும் இந்தோனேசியாவும் தம் தூதரகங்களில் பெட்டி வைத்துக் கடதாசிச் சீட்டைப் பெறுகின்றன. அவ்வாறே எமக்கும் செய்க என்று கேட்போம். தூதரகம் எட்டாத ஊரிலிருப்போர்க்கு அஞ்சல் உண்டு. அது சில நாள் பிந்தும், பிந்தட்டும்.